கன்ட்ரோல்-சி யாருக்கு?

கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்நிரலாக்கம் படிக்க வருகிற பிள்ளைகளுக்காக, சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு சிறிய வழுநீக்கியை, அதாவது செய்நிரல்களில் உள்ள பிழைகளைத் தேட உதவும் கருவியை, எழுதினேன். லினக்ஸில் இயங்கும் சி, சி++ செய்நிரல்களை அது நிறுத்தும், ஒவ்வொரு வரியாக நடத்தும், மாறிகளின் பெறுமானங்களைக் காட்டும். அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்யாது. 1986 முதல் ஜிடிபி என்ற வழுநீக்கி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டவர்களுக்கு என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செய்நிரல் எவ்வாறு நிறுத்தப்படுகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே வாசித்துப் பார்க்கக்கூடிய அளவுக்குச் சிறிதான ஒரு மூலநிரல் எனக்குத் தேவைப்பட்டது. நிறுத்துகிற அந்தப் பகுதியையே நான் பிழையாக விளங்கி எழுதியிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்துவதற்காக வழுநீக்கியின் நடுப்பகுதி முழுவதையும் கழற்றி மீண்டும் பூட்டியதைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

வழுவைக் கொண்டுவந்தவர் உரும்பிராயில் இருக்கும் ஒரு பழைய மாணவர். அவருடைய தகப்பனாரின் தோட்டத்துக்குக் கிணற்றிலிருந்துதான் இறைப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தங்குகிற நீரைத்தான் எல்லோரும் இறைக்கிறோம், அளவுக்கு மீறி இறைத்தால் கடற்கரையை அண்டிய இடங்களில் அடியிலிருந்து உவர் ஏறும். ஆகையால் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, ஒரு குறித்த ஆழத்துக்குக் கீழே போனதும் பம்பை நிறுத்தும் ஒரு செய்நிரலை அவர் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றில் எழுதியிருந்தார். அதில் மூன்று இழைகள், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் மூன்று பகுதிகள்: ஒன்று உணரியிலிருந்து நீர்மட்டத்தை வாசிக்கும், இரண்டாவது ரிலே என்ற மின் ஆளியை இயக்கிப் பம்பைக் கட்டுப்படுத்தும், மூன்றாவது இழை 'நிறுத்து' என்ற சிக்னல் வரும்வரை காத்திருந்து, வந்தவுடன் ரிலேயை அணைத்துவிட்டுச் செய்நிரலை ஒழுங்காக முடிக்கும். ஆறேழு மணித்தியாலம் ஓடிய பிறகு நீர்மட்டம் பதிவாவது திடீரென்று நின்றுவிடுகிறது, பம்போ ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் அவருடைய முறைப்பாடு. இரண்டு இழைகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கின்றன என்று இருவருமே ஊகித்தோம். ஊகத்தை உறுதிசெய்ய, அது சிக்கிக்கொண்ட நிலையிலேயே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

என் வழுநீக்கிக்குள் அதை ஓடவிட்டுவிட்டு, சிக்கும்வரை காத்திருந்து, நிறுத்தச் சொல்லும் கன்ட்ரோல்-சி விசையை அடித்தார். திரையில் 'பம்ப் நிறுத்தப்படுகிறது' என்ற அவருடைய சொந்த வரி வந்தது. செய்நிரல் ரிலேயை அணைத்துவிட்டு வெளியேறிவிட்டது. பார்ப்பதற்கு இழையும் இல்லை, ஒரே தரவை இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டும் இல்லை. இன்னொரு ஆறு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அன்றிரவு தொலைபேசியில் அவர் சொன்ன வசனம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அண்ணா, நில்லெண்டு சொன்னால் செத்துப்போகுது."

அந்த ஒற்றை வசனத்துக்குள் முழுப் பிரச்சினையும் இருந்தது. கன்ட்ரோல்-சி என்ற விசை இரண்டு வெவ்வேறு ஆட்களுக்கு இரண்டு வெவ்வேறு செய்திகளைச் சொல்கிறது. வழுநீக்கியைப் பார்த்து "அவனை நிறுத்திப் பிடி, நான் பார்க்க வேண்டும்" என்கிறது. செய்நிரலைப் பார்த்து "உன் வேலையை முடித்துக்கொண்டு போ" என்கிறது. என் மூலநிரலில் இந்த இரண்டும் ஒரே பாதையில் போயின. பெரும்பாலான செய்நிரல்களில் அந்தக் கலப்பு வெளியே தெரியாது. தெரியாமல் இருந்த காரணத்தாலேயே நானும் அதைச் சரியான வடிவமைப்பு என்று நம்பியிருந்தேன்.

பாதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கன்ட்ரோல்-சியை அழுத்தும்போது முனையத்துக்குப் போவது ஆஸ்கி அட்டவணையில் 3 என்ற எண்ணுடைய ஒரு பைட் மட்டுமே. 'உரை முடிவு' என்பது அந்த அட்டவணையில் அதற்குள்ள பெயர். அந்தப் பைட்டைக் கண்டவுடன் இயங்குதளத்தின் மையமான கேர்னலில் உள்ள முனைய இயக்கி அதை விழுங்கிவிட்டு, முனையத்தின் முன்னணியில் இருக்கும் செயன்முறைக் குழுவில் (செயன்முறை என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செய்நிரல்) உள்ள அத்தனை பேருக்கும் சிக்இன்ட் என்ற 2ஆம் இலக்கச் சிக்னலை அனுப்புகிறது. முன்னணியில் யார் இருக்கிறார்கள் என்பதே இங்கே முக்கியம். ஜிடிபியின் வழக்கத்தைப் பின்பற்றி, நானும் ஆராயப்படும் செய்நிரலுக்கென்று தனிச் செயன்முறைக் குழு ஒன்றை உண்டாக்கி, அதை ஓடவிடும்போது முனையத்தை அதன் கையில் கொடுத்து, அது நின்றதும் முனையத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். ஆகவே செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அடிக்கப்படும் கன்ட்ரோல்-சி வழுநீக்கிக்கு வந்து சேர்வதே இல்லை. அது நேராகச் செய்நிரலுக்குத்தான் போகிறது.

அப்படியானால் வழுநீக்கிக்கு எப்படித் தெரியவருகிறது? அங்கேதான் பிட்ரேஸ் வருகிறது. 1975இல் வெளிவந்த யுனிக்ஸின் ஆறாம் பதிப்பிலேயே இருந்த இது கேர்னலிடம் ஒரு வேலையைக் கேட்கும் முறைமை அழைப்பு, ஒரு செயன்முறை இன்னொரு செயன்முறையைக் கண்காணிக்க வழிவிடுகிறது. கண்காணிக்கப்படும் இழைக்கு ஒரு சிக்னல் கையளிக்கப்படும் அந்தக் கணத்தில், உடனே கொன்றுவிடும் சிக்கில் என்ற ஒன்றைத் தவிர வேறு எந்தச் சிக்னலாக இருந்தாலும், கேர்னல் இழையை நிறுத்தி வைத்துவிட்டு வழுநீக்கியை எழுப்புகிறது. சிக்னலை விடலாமா, விழுங்கலாமா என்பதை வழுநீக்கிதான் முடிவு செய்யும். சிக்இன்ட் வந்தால் நிறுத்து, பயனருக்குச் சொல், செய்நிரலுக்குக் கொடுக்காதே என்பது ஜிடிபியின் இயல்பான ஏற்பாடு, என்னுடையதும் அதுவே. செய்நிரலுக்கு எழுதப்பட்ட கடிதத்தைத் தபாற்காரனின் கையிலிருந்து இடையில் வாங்கி வாசிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. தபாற்காரன் எப்போதும் அந்த வாசலாலேயே வருவான் என்ற எதிர்பார்ப்பின்மேல் அது கட்டப்பட்டிருக்கிறது.

மாணவரின் செய்நிரலில் தபாற்காரன் அந்த வாசலால் வரவில்லை. பல இழைகள் உள்ள செய்நிரல்களை எழுதுகிறவர்களுக்கு நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுக்கப்படும் முறையையே அவர் பின்பற்றியிருந்தார், சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்: தொடக்கத்திலேயே எல்லா இழைகளிலும் சிக்இன்டைத் தடுத்துவைத்து, ஒரே ஒரு இழை மட்டும் சிக்வெயிட் என்ற அழைப்பில் அமர்ந்து, வரிசையில் வந்து நிற்கும் சிக்னலைத் தானே எடுத்துக்கொள்ளும். இந்த முறையில் சிக்னல் 'கையளிக்கப்படுவது' என்பதே நிகழ்வதில்லை. தடுக்கப்பட்ட சிக்னல் நிலுவையில் கிடக்கிறது. சிக்வெயிட் அதை நிலுவையிலிருந்து எடுத்து, ஒரு எண்ணாகத் திருப்பித் தருகிறது. பிட்ரேஸ் நிறுத்தம் எதுவும் இல்லை, வழுநீக்கி தூங்கிக்கொண்டே இருக்கிறது, செய்நிரல் தன் முடிவுரையை எழுதிவிட்டுப் போய்விடுகிறது. ஜிடிபியிலும் இதே குறை நீண்ட காலமாக அறியப்பட்டது.

இதில் ஒரு நுட்பம் எனக்குப் பிடித்தமானது, வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்வேன். சிக்இன்டைப் 'புறக்கணி' என்று குறித்துவைத்த செய்நிரலை என் பழைய வழுநீக்கியால் நிறுத்த முடிந்தது. 'தடு' என்று குறித்துவைத்ததை நிறுத்த முடியவில்லை. புறக்கணிக்கப்பட்ட சிக்னலைக் கேர்னல் வழக்கமாக வந்த இடத்திலேயே எறிந்துவிடும், ஆனால் அந்தச் செயன்முறை கண்காணிப்பில் இருந்தால் மட்டும் எறியாது, கண்காணிப்பவர் அறிய விரும்பலாம் என்பதற்காக அதைக் கையளிக்கும் இடம்வரை கொண்டுவரும். தடுக்கப்பட்ட சிக்னலுக்கு அந்தச் சலுகை இல்லை. நான் புறக்கணிப்பை வைத்துச் சோதித்துப் பார்த்து, 'எந்தச் செய்நிரலையும் நிறுத்த முடிகிறது' என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு சோதனை வெற்றி பெற்ற காரணம் எனக்கு விளங்கவில்லை என்றால், அந்தச் சோதனையை நான் இன்னும் செய்யவில்லை என்றுதான் இப்போது எண்ணிக்கொள்கிறேன்.

மூலநிரலைத் திறந்து, செய்நிரலை நிறுத்தும் வரிகளை எல்லாம் தேடினேன். ஐந்து இடங்களில் இருந்தன. ஓரிடத்தில் முனையத்தை நம்பி எதுவும் செய்யாமல் விட்டிருந்தேன். வேறு முனையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செயன்முறையோடு போய் இணையும்போது கன்ட்ரோல்-சி வழுநீக்கிக்கே வந்துவிடும். அதைக் கையாளும் செயற்கூறு சிக்இன்டைத் தானே மறுபடி அனுப்பியது. ஒரு இழை நிறுத்தப்புள்ளியில், அதாவது நிறுத்தும்படி பயனர் குறித்துவைத்த வரியில், நின்றதும் ஏனைய இழைகளை நிறுத்துவதற்கு சிக்ஸ்டாப் என்ற சிக்னல் போனது. ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய நிறுத்தப்புள்ளி ஒன்றைப் போடுவதற்காகக் கணநேரம் நிறுத்தும் இடத்தில், அவசரத்தில், மீண்டும் சிக்இன்ட். விலகிச்செல்லும் கட்டளையில் இன்னொரு விதம். ஒவ்வொன்றும் 'நிறுத்து' என்ற ஒரே பெயருள்ள செயற்கூறைத்தான் அழைத்தது. அந்தச் செயற்கூறு, தன்னை அழைத்தது யார் என்பதைப் பார்த்துத் தன் நடத்தையை மாற்றிக்கொண்டது. என்னைக் கவலைப்படுத்தியது ஐந்து இடங்கள் இருந்தது அல்ல. ஐந்து வேறுபட்ட எண்ணங்களுக்கு ஒரே சொல்லை வைத்திருந்ததுதான்.

ஜிடிபியின் மூலநிரலில் இதற்கு ஏற்கெனவே மூன்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன என்பதை அப்போதுதான் கவனித்தேன்: சத்தமில்லாமல் நிறுத்துவதற்கு ஒன்று, பயனர் குறுக்கிட்டார் என்று நிறுத்துவதற்கு ஒன்று, கன்ட்ரோல்-சியைச் செய்நிரலுக்கே கடத்துவதற்கு ஒன்று. நானும் மூன்று செயற்கூறுகளை எழுதினேன். 'அமர்த்து' என்பது வழுநீக்கியின் உள்வேலைக்கானது. பயனருக்கு எதையும் அறிவிக்காது. 'குறுக்கிடு' என்பது பயனர் கேட்டது. நின்றவுடன் கட்டளை கேட்கும் குறி திரையில் வரவேண்டும். 'கடத்து' என்பது செய்நிரலுக்கு உரிய சிக்னலை அதற்கே கொடுப்பது. அதன் விளைவாகச் செய்நிரல் நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே அதில் கிடையாது. பெயர்களை முதலில் பிரித்து, உள்ளே பழைய வேலையையே வைத்து, ஐந்து இடங்களும் எந்தப் பெயரை அழைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக முடிவெடுத்தேன். நடத்தை எதுவும் மாறாத இந்த முதற்படிக்குத்தான் மொத்த வேலையிலும் அதிக யோசனை தேவைப்பட்டது. அதன் பிறகு வந்தவை தொழில்நுட்பச் சிரமங்கள் மட்டுமே.

அடுத்ததாக, கன்ட்ரோல்-சி எப்போதும் வழுநீக்கிக்கே வந்து சேர வேண்டும். இதற்காகச் செய்நிரலைத் தனி அமர்வில் தொடங்கி, அதற்கென்று ஒரு போலி முனையத்தைத் திறந்து கொடுத்தேன். உண்மையான முனையம் வழுநீக்கியின் கையிலேயே இருக்கும். செய்நிரல் எழுதுவதை வழுநீக்கி வாசித்துத் திரைக்கு அனுப்பும், விசைப்பலகையில் வருவதைச் செய்நிரலுக்குத் தள்ளும். இது இலவசமாகக் கிடைக்கவில்லை. சாளரத்தின் அளவு மாறினால் அதைப் போலி முனையத்துக்கும் சொல்ல வேண்டும். செய்நிரல் தட்டச்சின் எதிரொலியை நிறுத்தினால் அதற்கும் இசைய வேண்டும். முனையத்தைக் கையளித்து வாங்கும் பழைய மூலநிரலில் ஏறக்குறைய நூற்றைம்பது வரிகளை நீக்கி, இதற்காக அதைவிடக் கூடுதலான வரிகளைச் சேர்த்தேன். ஆனால் நீக்கிய வரிகளில் ஒன்றுகூட எனக்கு முழுமையாக விளங்கியதாக இருந்ததில்லை, சேர்த்தவை எல்லாம் விளங்குகின்றன.

இனி நிறுத்துவது. யாராலும் தடுக்கவோ பிடிக்கவோ புறக்கணிக்கவோ முடியாத சிக்ஸ்டாப்பை அனுப்பலாம். ஜிடிபி இழைகளை நிறுத்துவது இவ்வாறுதான். அதில் ஒரு குழப்பம் உண்டு: வந்த சிக்ஸ்டாப் நான் அனுப்பியதா, வேறு யாராவது அனுப்பியதா என்று பிரித்தறிவதற்குக் கணக்கு வைக்க வேண்டும். 2012இல் வந்த லினக்ஸ் 3.4 பிட்ரேஸுக்கு 'சீஸ்', 'இன்டரப்ட்' என்ற இரண்டு புதிய கோரிக்கைகளைச் சேர்த்தது. முதலாவது, எந்தச் சிக்னலையும் அனுப்பாமல், செயன்முறையை நிறுத்தாமல் அதைக் கண்காணிப்புக்குள் கொண்டுவரும். இரண்டாவது, அவ்வாறு கொண்டுவரப்பட்ட இழையை எந்தச் சிக்னலும் இல்லாமலே நிறுத்தும். முறைமை அழைப்புகளைப் பின்தொடர்ந்து காட்டும் ஸ்ட்ரேஸ் கருவி இந்த வழியையே பயன்படுத்துகிறது. 'அமர்த்து', 'குறுக்கிடு' இரண்டின் அடியிலும் இதை வைத்தேன். செய்நிரலுக்கு வரும் கடிதங்களை இனி வழுநீக்கி தன் தேவைக்காகத் திறக்க வேண்டியதில்லை.

இங்கே நான் ஒரு நாள் முழுவதையும் இழந்தேன். 'இன்டரப்ட்' கோரிக்கை வெற்றி என்று திரும்பினால் இழை நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு, உடனே பதிவகங்களை, அதாவது செயலி கையில் வைத்திருக்கும் பெறுமானங்களை, வாசித்தேன். சில வேளைகளில் சரியாக வந்தது, சில வேளைகளில் அப்படியொரு செயன்முறையே இல்லை என்ற பிழை வந்தது. கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதும் இழை நின்றுவிட்டது என்பதும் இரண்டு தனித்தனி நிகழ்வுகள். நின்றதற்கான அறிவித்தல் வெயிட்பிட் என்ற அழைப்பு வழியாகப் பிறகுதான் வரும். வட்டிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ தரவு வருவதற்காகக் குறுக்கிட முடியாத உறக்கத்தில் இழை இருந்தால், நெடுநேரம் வராமலும் இருக்கலாம். இன்னும் ஒன்று: நான் கேட்ட நிறுத்தத்தின் பெயரிலேயே அறிவித்தல் வரும் என்றும் இல்லை. அதே கணத்தில் இழை ஒரு நிறுத்தப்புள்ளியில் மிதித்தால், அல்லது அதற்கு வேறொரு சிக்னல் வந்தால், அந்த நிறுத்தம் முதலில் வரும்.

இதை வன்பொருளில் வேலை செய்பவர்கள் எங்களைவிட நேர்மையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஏஆர்எம் கோர்டெக்ஸ்-எம் வகை நுண்கட்டுப்படுத்திகளில் வழுநீக்கத்துக்கென்று ஒரு பதிவகம் உண்டு. அதில் 1ஆம் பிட்டை எழுதினால் செயலியின் கருவை நிறுத்தும்படி கோருவதாகப் பொருள். கரு உண்மையாகவே நின்றதும் 17ஆம் பிட் ஏறும். கோருவதற்கு ஒரு பிட், நின்றதை அறிவதற்கு வேறொரு பிட். அந்தப் பதிவகத்தைப் பார்த்துத்தான் என் மூலநிரலில் ஒவ்வொரு இழைக்கும் 'நிறுத்தக் கோரப்பட்டது', 'நின்றது' என்ற இரண்டு குறிகளை வைத்தேன். முதலாவது உண்மையாக இருந்து இரண்டாவது பொய்யாக இருக்கும் இடைவெளியில் வழுநீக்கி அந்த இழையைத் தொடாது. எந்தப் பெயரில் வந்த நிறுத்தமாக இருந்தாலும் இரண்டாவது குறி ஏறும். வேறு காரணத்தால் நின்றிருந்தால், நிலுவையில் இருக்கும் என் கோரிக்கை இழையை மீண்டும் ஓடவிட்டதும் பிந்தி வந்து நிறுத்தக்கூடும். அப்போது அதைச் சத்தமில்லாமல் விழுங்க வேண்டும் என்பதும் அந்தக் குறிகளின் உதவியால்தான் தெரியும்.

பல இழைகளை ஒன்றாக நிறுத்துவது இதன் பெருக்கம். ஒவ்வொரு இழைக்கும் கோரிக்கை போக வேண்டும். நிறுத்திக்கொண்டிருக்கும்போதே ஓடும் இழை ஒன்று புதிய இழையைப் பெற்றெடுக்கலாம், இன்னொன்று தன் வேலையை முடித்து இறந்துவிடலாம். ஆகவே 'இத்தனை பதில்கள் வரவேண்டும்' என்று எண்ணிவைத்துக் காத்திருக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் இழை ஒன்றும் மிஞ்சவில்லை என்னும்வரை பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். முதல் இழையின் நிறுத்தத்தைப் பயனருக்குக் காட்டும்போது, இன்னொரு இழையும் நிறுத்தப்புள்ளியில் நின்றிருக்கலாம். அதை மறக்காமல் சேமித்துவைத்து அடுத்த முறை அறிவிக்க வேண்டும். அதற்கிடையில் பயனர் அந்த நிறுத்தப்புள்ளியை நீக்கிவிட்டால் சேமித்ததை எறிய வேண்டும். எறியும்போதும் செயலியைப் பொறுத்து வித்தியாசம் இருக்கிறது. எக்ஸ்86 செயலியில் நிறுத்தப்புள்ளி என்பது 204 என்ற பெறுமானமுடைய ஒற்றை பைட் அறிவுறுத்தல். அது நிறைவேறியதும், அடுத்து நிறைவேற வேண்டிய இடத்தைக் காட்டும் அறிவுறுத்தல் சுட்டி ஒரு பைட் முன்னே போயிருக்கும், பின்னுக்கு இழுத்துவைக்க வேண்டும். ராஸ்பெரி பையின் 64 பிட் ஏஆர்எம் செயலியில் அந்த அறிவுறுத்தல் நான்கு பைட், சுட்டியோ அதன் மேலேயே நிற்கும். மடிக்கணினியில் சரியாக ஓடியது பையில் நான்கு முறைக்கு ஒரு முறை கவிழ்ந்தது இதனால்தான். இழுக்கத் தேவையில்லாத சுட்டியை நான் இழுத்திருந்தேன்.

வழுநீக்கியின் பிரதான சுழலிலும் ஒரு பழைய ஓட்டை இருந்தது. பயனர் கன்ட்ரோல்-சி அடித்தால், சிக்னலைக் கையாளும் செயற்கூறு ஒரு கொடியை ஏற்றும். சுழல் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டு வெயிட்பிட்டில் போய்த் தூங்கும். கொடியைப் பார்த்ததற்கும் தூங்கப் போவதற்கும் இடையில் சிக்னல் வந்தால் அது யாருக்கும் தெரியாமல் போய்விடும், பயனர் இரண்டாவது முறை அடிக்க வேண்டும். 'சில நேரம் ரெண்டுதரம் அடிக்க வேணும்' என்று பிள்ளைகள் அதை ஒரு பழக்கமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் முறையிடவில்லை. இப்போது கையாளும் செயற்கூறு தனக்குத்தானே திறந்து வைத்த ஒரு குழாயில் ஒரு பைட்டை எழுதுகிறது. சுழல் அந்தக் குழாயையும் ஏனைய நிகழ்வுகளையும் ஒரே இடத்தில் காத்திருந்து பார்க்கிறது. எழுதப்பட்ட பைட் வாசிக்கப்படும்வரை குழாயிலேயே இருக்கும், ஆகவே தொலைவதற்கு வழியில்லை. இது பழைய, எல்லோரும் அறிந்த உத்திதான்.

எல்லாம் பொருந்திய பிறகும் ஒன்று மிஞ்சியது, அதை நான் தீர்க்கவில்லை. மாணவரின் உணரி இழை, தரவு வரும்வரை காத்திருக்க உதவும் ஈபோல் என்ற அழைப்பில் இருக்கும்போது வழுநீக்கி அதை நிறுத்தி மீண்டும் ஓடவிட்டால், அந்த அழைப்பு 'குறுக்கிடப்பட்டது' என்ற பிழையுடன் திரும்புகிறது. சிக்னல் எதுவும் செய்நிரலுக்குக் கையளிக்கப்படாதபோதும் சில முறைமை அழைப்புகள் லினக்ஸில் இவ்வாறுதான் நடந்துகொள்கின்றன. ஜிடிபியின் கையேடும் இதைப் பற்றி எச்சரிக்கிறது. அவருடைய செய்நிரலோ எந்தப் பிழையையும் 'உணரி பழுது' என்று பதிவு செய்தது. பிழையைத் தரும் பதிவகத்தை வழுநீக்கியே திருத்தி, அழைப்பை மறுபடி தொடங்க வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். செய்யவில்லை. குறுக்கிடப்பட்டால் மறுபடி அழைப்பது செய்நிரலின் கடமை. அதை மறைத்துவிட்டால், வழுநீக்கிக்குள் ஓடும்போது இல்லாத வழு வெளியே ஓடும்போது வரும். அவரிடம் அந்த வரியைத் திருத்தச் சொன்னேன், ஐந்து நிமிட வேலை.

புதிய வழுநீக்கியை உரும்பிராய்க்கு எடுத்துப் போனபோது, முதலில் பம்பைக் கழற்றிவிட்டு ரிலேயில் ஒரு மின்குமிழைப் பூட்டினோம். செய்நிரலை நிறுத்துவது செய்நிரலை மட்டும்தான் நிறுத்தும். ரிலே கடைசியாக இருந்த நிலையிலேயே இருக்கும், பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும், நாங்கள் இழைகளை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கிணறு வற்றிவிடும். காலையில் ஓடவிட்டோம். மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில். பிற்பகல் மூன்று மணிக்குச் சற்றுப் பின்பு நீர்மட்டப் பதிவு நின்றது, மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது.

அவர் கன்ட்ரோல்-சி அடித்தார். 'பம்ப் நிறுத்தப்படுகிறது' என்ற வரி வரவில்லை. கட்டளைக் குறி வந்தது, அதற்கு மேலே மூன்று இழைகளின் பட்டியல். சிக்னலுக்காகக் காத்திருக்கும் இழை சிக்வெயிட்டில் அமைதியாக இருந்தது. உணரி இழை நீர்மட்டத்துக்கான பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதிவேட்டின் பூட்டுக்காகக் காத்திருந்தது. பம்ப் இழை பதிவேட்டின் பூட்டை வைத்துக்கொண்டு நீர்மட்டப் பூட்டுக்காகக் காத்திருந்தது. அவர் எதுவும் பேசாமல் இரண்டு செயற்கூறுகளின் பெயர்களையும் வரி இலக்கங்களையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். மின்குமிழ் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு 'கடத்து' கட்டளையை அடித்தோம். நிறுத்திய இழையை மீண்டும் ஓடவிடும்போது பிட்ரேஸ் வழியாகவே ஒரு சிக்னலைச் செருகிவிடலாம் என்று தோன்றும். ஆனால் சிக்னல் கையளிப்பின்போது நின்ற இழைக்குத்தான் அது பலிக்கும், எங்கள் இழைகள் அவ்வாறு நிற்கவில்லை. ஆகவே வழுநீக்கி செயன்முறைக்கு சிக்இன்டை நேராகவே அனுப்பிவிட்டு, எல்லா இழைகளையும் ஓடவிடுகிறது. சிக்னல் எல்லா இழைகளிலும் தடுக்கப்பட்டிருந்ததால் நிலுவையில் போய் நின்றது, சிக்வெயிட் அதை எடுத்தது, வழுநீக்கி குறுக்கே நிற்கவில்லை. திரையில் 'பம்ப் நிறுத்தப்படுகிறது' என்று வந்தது. மின்குமிழ் அணைந்தது.